யுனிவர்சிட்டி ஆர்க்கைவ்ல ஃபைல் போடப்போறீங்களா? டெலீட் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 77 டெராபைட் ஆராய்ச்சித் தரவுகள் காணாமல்போயின. ஹேக்கர் கைவரிசை எதுவும் இல்லை. அங்கிருந்த சூப்பர் கம்ப்யூட்டரின் ஸ்டோரேஜை பேக்கப் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. பழைய லாக் ஃபைல்களைத் தேடி அழிப்பதும் அதன் வேலைதான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, பராமரிப்பு நிறுவனம் அதன் புது வெர்ஷனை மேலே ஏற்றிவிட்டது. அவ்வளவுதான்... லாக் ஃபைல்களுக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்களின் ஃபைல்களை அழிக்க ஆரம்பித்துவிட்டது. போனவை சுமார் 3.4 கோடி ஃபைல்கள். 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அதில் 4 குழுக்களின் தரவுகளை பேக்கப்பிலிருந்துகூட மீட்க முடியவில்லை.

பேக்கப் எடுக்க வைத்திருந்த ஸ்கிரிப்ட்டே அழித்த கதை இது. 'அதான் யுனிவர்சிட்டி சர்வர்ல இருக்கே, பத்திரமா இருக்கும்' என்று நிம்மதியாகத் தூங்கும் எல்லா பிஹெச்.டி மாணவர்களுக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும் கதையும்கூட.

சரி, பத்திரமாக வைக்க என்ன வழி? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்றே தனி ஆர்க்கைவ் ஸ்டோரேஜ் இருக்கிறது. கமாண்டு எதுவும் டைப் செய்யத் தேவையில்லை. பிரவுசரைத் திறந்து, இந்தப் பக்கம் இருக்கும் ஃபைலை அந்தப் பக்கம் அனுப்பினால் போதும். ஆனா, அந்த சுலபம்தான் பிரச்னையும். வெளியே பார்க்க கூகுள் டிரைவ் மாதிரி இருக்கும் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பது வேறு ஒன்று. அது தெரியாமல் பயன்படுத்தினால் எரிச்சலும் வரும், சில நேரம் இழப்பும் வரும். இங்கிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்காக அமெரிக்கா கிளம்புகிறவர்கள், போனதும் முதல் மாதமே தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம் இது.

மேசை வேற... பரண் வேற!

பல்கலைக்கழகத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்டோரேஜை மேசை, பரண் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தினமும் வேலை பார்க்கும் ஃபைல்கள் இருக்கும் இடம் மேசை. வேலை முடிந்தாலும் தூக்கிப்போட முடியாதவற்றுக்குப் பரண். இந்தியானா பல்கலைக்கழகத்தில் இந்தப் பரணுக்குப் பெயர் 'ஸ்காலர்லி டேட்டா ஆர்க்கைவ்', மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 'டேட்டா டென்'. முன்பெல்லாம் பழைய ஃபைல்களை அப்படியே கூகுள் டிரைவில் கொட்டி வைத்தார்கள். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத இடம் என்ற சலுகையை நிறுத்தப்போவதாக 2021 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது. 2022 ஜூலை முதல் ஒரு பல்கலைக்கழகம் மொத்தத்துக்கும் சேர்த்து அடிப்படையாக 100 டெராபைட்தான். ஒரே ஒரு மைக்ரோஸ்கோப் லேப் நினைத்தால் அதை நிரப்பிவிடும். அதனால் பரண்களுக்கு மவுசு கூடியிருக்கிறது.

இந்தப் பரணில் இருப்பது ஹார்டு டிஸ்க் இல்லை, டேப். ஆமாம், காந்த நாடா! பேனாவைச் சொருகிச் சுற்றி கேசட் கேட்ட அக்கா, அண்ணன் தலைமுறைக்கு இது சட்டென்று புரியும். அதே தத்துவம்தான், அளவுதான் வேறு. உள்ளங்கையில் அடங்கும் எல்.டி.ஓ-9 ரக டேப் ஒன்றில் 1 கிலோமீட்டருக்கும் அதிகமான நாடா சுற்றப்பட்டிருக்கும். கம்ப்ரஸ் செய்யாமலே 18 டெராபைட் பிடிக்கும். அலமாரியில் சும்மா இருக்கும்போது அதற்கு கரன்ட் தேவையில்லை. டிரைவில் மாட்டாத டேப்பை எந்த சாஃப்ட்வேர் கோளாறும் தொட முடியாது என்பது இன்னொரு வசதி. 2011 பிப்ரவரியில் ஒரு சாஃப்ட்வேர் கோளாறால் சில ஜிமெயில் கணக்குகள் காலியாகத் தெரிந்தபோது, அந்த மெயில்களை கூகுள் மீட்டது டேப்பிலிருந்துதான்.

நீங்கள் ஆர்க்கைவுக்கு ஒரு ஃபைலை அனுப்பினால், முதலில் அது ஒரு டிஸ்க்கில் போய் இறங்கும். அப்புறம் சிஸ்டம் தானாகவே அதை டேப்புக்கு மாற்றும். திரும்பக் கேட்டால், ஒரு ரோபோ கை அலமாரியிலிருந்து சரியான டேப்பை எடுத்து டிரைவில் மாட்ட வேண்டும், நாடா ஓடி சரியான இடத்துக்கு வர வேண்டும், அப்புறம்தான் படிக்க முடியும். வெப் பக்கத்தில் இது எதுவும் தெரியாது. ஃபோல்டர் வழக்கம்போல இருக்கும், ஃபைல் பெயரும் இருக்கும். கிளிக் செய்தால் மட்டும் சில நிமிடங்கள் அசையாது. 'ஹேங் ஆயிடுச்சு'ன்னு நினைத்து கேன்சல் பண்ணிப் பண்ணி மறுபடி கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வரிசையில் புதிதாகப் போய் நிற்கிறீர்கள்.

ரெண்டு பக்கம்... ஒரு ஸ்டார்ட் பட்டன்

இந்தப் பரணுக்குள் போக பல பல்கலைக்கழகங்கள் திறந்து வைத்திருக்கும் வாசல், குளோபஸ். சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் லாப நோக்கற்ற சேவை இது. லாப நோக்கற்ற ஆராய்ச்சிக்காக ஃபைல் அனுப்ப கட்டணம் கிடையாது. லாகின் பக்கத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், ஏற்கெனவே இருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டே போதும்.

உள்ளே போனதும் 'ஃபைல் மேனேஜர்' திறக்கும். அதை இரண்டு பகுதிகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல்கள் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் குளோபஸில் 'கலெக்ஷன்' என்று பெயர். ஒரு பக்கம் உங்கள் லேபின் சர்வர், இன்னொரு பக்கம் பல்கலைக்கழக ஆர்க்கைவ். ஃபோல்டரை டிக் செய்து 'ஸ்டார்ட்' அழுத்தினால் வேலை ஆரம்பம். இதில் அழகு என்னவென்றால், ஃபைல் உங்கள் பிரவுசர் வழியாகப் போவதில்லை. 'இதை அங்கே கொண்டுபோய் வை' என்ற உத்தரவு மட்டும்தான் உங்களிடமிருந்து போகிறது. இரண்டு சர்வர்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். டேபை மூடிவிட்டு, லேப்டாப்பை அணைத்துவிட்டு டின்னருக்குப் போகலாம். நடுவில் நெட்வொர்க் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து அதுவே முயன்று பார்க்கும். முடிந்ததும் மெயில் வரும். பொறுமையில்லாதவர்கள் 'ஆக்டிவிட்டி' பக்கத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று எட்டிப்பார்த்துக்கொள்ளலாம்.

ஃபைல்கள் உங்கள் லேப்டாப்பிலேயே இருந்தால் கதை கொஞ்சம் மாறும். 'குளோபஸ் கனெக்ட் பர்சனல்' என்ற சின்ன சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய வேண்டும். அப்போது உங்கள் லேப்டாப்பும் ஒரு கலெக்ஷனாகிவிடும். இந்த முறையில் லேப்டாப் விழித்திருந்தாக வேண்டும். மூடினால் வேலை நின்று, திறந்த பிறகுதான் தொடரும். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகியும் லிஸ்ட்டில் வரவில்லையே என்று பலர் குழம்புவதுண்டு. அந்த சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில், எந்தெந்த ஃபோல்டர்களைப் பார்க்கலாம் என்ற பட்டியலில் அந்த டிஸ்க்கை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

'ஸ்டார்ட்' அழுத்தும் முன் அருகிலிருக்கும் ஆப்ஷன்களைத் திறந்து பாருங்கள். இடமாற்றத்துக்கு ஒரு பெயர் வைக்க ஒரு பெட்டி இருக்கும். ஆறு மாதம் கழித்து எது எப்போது போனது என்று தேடும்போது அந்தப் பெயர்தான் கைகொடுக்கும். ஃபைல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் ஆப்ஷன் வழக்கமாக ஆன் ஆகியே இருக்கும். அதை அணைக்காதீர்கள். ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு 'செக்சம்' என்ற ஒரு குறியீட்டை உருவாக்குவார்கள். ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். புறப்பட்ட இடத்துக் கைரேகையும் போய்ச் சேர்ந்த இடத்துக் கைரேகையும் ஒத்துப்போகவில்லை என்றால், குளோபஸ் அந்த ஃபைலை மறுபடி அனுப்பும். நேரம் கூடுதலாகும், ஆகட்டுமே!

நோயாளிகளின் விவரங்கள் போன்ற தரவு என்றால் 'என்கிரிப்ட்' ஆப்ஷனையும் டிக் செய்ய வேண்டும். இது வழியில் யாரும் படிக்காமல் இருக்க மட்டும்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டு போடுவது தனி வேலை. அந்த மாதிரி தரவை ஆர்க்கைவில் வைக்கலாமா என்பதையே முதலில் ஐ.டி பிரிவில் கேட்டுவிடுங்கள்.

சில்லறையைக் கொட்டாதீங்க... மூட்டை கட்டுங்க!

டேப்புக்குப் பிடிக்காதது குட்டிக் குட்டி ஃபைல்கள். 2 லட்சம் போட்டோக்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே அனுப்பினால், அவை நாடாவில் அங்கங்கே சிதறிப் பதியலாம், வேறு வேறு டேப்களிலும் விழலாம். திரும்பக் கேட்கும்போது ரோபோவும் நாடாவும் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு ஃபைலுக்கு சில நொடி என்றால்கூட 2 லட்சத்துக்கு எத்தனை நாள்? அதனால் அனுப்பும் முன்பே 'டார்' அல்லது 'ஜிப்' முறையில் மூட்டையாகக் கட்டிவிட வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்த மூட்டை கட்டும் வேலைக்கென்றே 'ஆர்க்கைவ்டார்' என்ற கருவியை உருவாக்கி வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய மூட்டை? இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாலு வருட ஆராய்ச்சியை ஒரே மூட்டையாகக் கட்டினால், ஒரே ஒரு படம் வேண்டும் என்றாலும் மொத்தத்தையும் இறக்க வேண்டியிருக்கும். எவையெல்லாம் சேர்ந்தே திரும்பத் தேவைப்படுமோ, அவற்றை ஒன்றாகக் கட்டுவதுதான் என்னைக் கேட்டால் சரி. ஒரு பரிசோதனைக்கு ஒன்று, ஒரு ஃபீல்டு டிரிப்புக்கு ஒன்று என்கிற மாதிரி. பெயரில் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் நாளைப் போட்டுவிட்டால் லிஸ்ட் தானாகவே கால வரிசையில் நிற்கும். 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ரியல் ஃபைனல்' எல்லாம் இங்கே வேண்டாமே, ப்ளீஸ்!

மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்ற பட்டியலை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி வெளியே வைத்திருங்கள். எந்தக் கருவியில் எடுத்தது, எந்த சாஃப்ட்வேரில் திறக்கும் என்பதையும் நாலு வரியில் சேருங்கள். அதன் காப்பி ஒன்று உங்கள் லேப்டாப்பிலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே எட்டிப்பார்க்கவே டேப்பை எழுப்ப வேண்டும்.

ரெண்டு காப்பி இருந்தும் மாட்டிக்கிற இடம்

இந்தியானாவில் நீங்கள் போடும் ஃபைலுக்கு இரண்டு காப்பிகள் எடுக்கிறார்கள். ஒன்று புளூமிங்டனில், இன்னொன்று இண்டியானாபொலிஸில். ஓர் ஊரில் தீப்பிடித்தாலும் இன்னொரு ஊரில் பத்திரமாக இருக்கும். ஆனா, நீங்களே டெலீட் அழுத்தினால்? இரண்டும் ஒரே ஃபைலின் இரண்டு காப்பிகள். ஃபைல் போனால் இரண்டும் போய்விடும். குளோபஸில் ரீசைக்கிள் பின் என்று ஒன்று கிடையாது. டேப் கிழிவதிலிருந்தும் டிஸ்க் சாவதிலிருந்தும்தான் அந்த இரண்டாவது காப்பி காப்பாற்றும்.

டெலீட் பட்டனாவது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 'சிங்க்' ஆப்ஷனுக்குள் ஒளிந்திருப்பதுதான் ஆபத்தானது. புதிதாக வந்த, மாறிய ஃபைல்களை மட்டும் அனுப்ப 'சிங்க்' ரொம்ப வசதி. கூடவே, 'இங்கே இல்லாத ஃபைல்களை அங்கேயும் அழித்துவிடு' என்றொரு டிக் இருக்கிறது. இரண்டு பக்கமும் அச்சு அசலாக இருக்கட்டுமே என்று அதை டிக் செய்கிறீர்கள் என்று வையுங்கள். லேப்டாப்பில் இடம் போதவில்லை, ஆர்க்கைவில்தான் இருக்கிறதே என்று போன மாதம் முதல் வருட ஃபோல்டர்களை நீங்களே அழித்திருப்பீர்கள். இப்போது குளோபஸ் பார்க்கும்: இங்கே இல்லை, அங்கே இருக்கிறது. சொன்னபடி அங்கேயும் அழித்துவிடும். எல்லாம் சரியாக முடிந்தது என்று மெயிலும் அனுப்பும்! ஆர்க்கைவ் என்றால் அந்த டிக் பக்கமே போகாதீர்கள்.

அதே 'சிங்க்'கில், செக்சத்தை ஒப்பிட்டு மாறியதைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. கைரேகை எடுக்க ஃபைலை முழுதாகப் படிக்க வேண்டும் இல்லையா? டேப்பில் உறங்கும் ஒவ்வொரு ஃபைலையும் ரோபோ எழுப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஆர்க்கைவுக்கு அளவு அல்லது தேதியை வைத்து ஒப்பிடும் முறையே போதும்.

அசல் ஃபைலை அழிக்கும் முன் ஒரு மூட்டையைத் திரும்ப இறக்கி, பிரித்து, உள்ளே ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். கெட்டுப்போன மூட்டையை அனுப்பினால், கெட்டுப்போன அதே மூட்டை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்றுதான் கைரேகை சொல்லும்.

கைடுக்கு ஷேர், கணக்குக்கு முடிவு

ஃபைல்களை கைடுக்கோ, வேறு பல்கலைக்கழக நண்பருக்கோ காட்ட வேண்டும் என்றால், பாஸ்வேர்டைக் கொடுக்கிற வேலையெல்லாம் கூடாது. உங்கள் பல்கலைக்கழகம் குளோபஸுக்கு சந்தா கட்டியிருந்து, அந்த ஆர்க்கைவிலும் அனுமதித்திருந்தால், ஒரு ஃபோல்டரை மட்டும் 'கெஸ்ட் கலெக்ஷன்' ஆக்கி அவருக்குத் திறந்துவிடலாம். படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், எழுதும் அனுமதி கொடுத்தால் அழிக்கும் அனுமதியும் சேர்ந்தே போகிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அதற்குள் இருக்கும் எல்லா ஃபோல்டர்களும் தெரியும் என்பதால், பகிர வேண்டியதைத் தனி ஃபோல்டராக வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, பட்டம் வாங்கியதும் பலர் மறக்கும் வேலை ஒன்று. ஆர்க்கைவ் உங்கள் பல்கலைக்கழகக் கணக்கோடு கட்டப்பட்டது. கணக்கு மூடினால் வாசலும் மூடும். எத்தனை நாள் அவகாசம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், ஐ.டி பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேபுக்குச் சொந்தமான தரவை கைடின் அல்லது குழுவின் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்கென்று எடுத்துப்போக அனுமதி உள்ளதை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். விமான டிக்கெட் போட்ட பிறகு இதை ஆரம்பித்தால் ரோபோ உங்களுக்காக அவசரப்படாது. டிஃபென்ஸ் தேதி முடிவான அன்றே முதல் மூட்டையைக் கேட்டுவிடுங்கள்.