கயிறறுத்த நாய்கள்

காத்தோங் வட்டாரத்தின் கடற்கரை எது என்று இன்றைய மாணவரைக் கேட்டால், அவர் கிழக்குக் கடற்கரைப் பூங்காவைச் சுட்டுவார். 1966ஆம் ஆண்டில் கடலைத் தூர்க்கும் பணி தொடங்குவதற்கு முன்னர் நிலைமை வேறு. தென்னந்தோப்புகளும் செல்வர்களின் மாளிகைகளும் அலையோரத்திலேயே நின்றன. காரைக்காலிலிருந்து வந்து மாட்டு வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய மூனா காதர் சுல்தான் 1920ஆம் ஆண்டையொட்டி எழுப்பிய காரைக்கால் மகால் அத்தகையதே. சிறிது உள்ளே தள்ளி, சிலோன் சாலையில், இலங்கைத் தமிழர் பேணி வளர்த்த செண்பக விநாயகர் ஆலயம் இருக்கின்றது. கடல் பின்வாங்கிய நிலத்தில் 1970களில் மரின் பரேட் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. ஆக, இன்று பழைய கரைக்கு இப்பால் தோட்டத்தோடு கூடிய தரைவீடுகள். அப்பால் அடுக்குமாடி வீடுகள்.

இந்த நில வரலாற்றுக்கும் நாய்க்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். தெருவில் திரியும் நாட்டுநாய் ஒன்றின்மீது இரக்கம் கொண்ட ஒருவர் பழைய கரைக்கு இப்பால் குடியிருந்தால், முறைப்படி உரிமம் பெற்று அதனைத் தம் வீட்டில் வளர்க்கலாம். அப்பால் குடியிருந்தாலோ, 2012ஆம் ஆண்டு வரையில் அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பட்டியலில் இடம்பெற்ற சிறு இன நாய்களுக்கே அடுக்குமாடியில் இடம் உண்டு. ஒரே வட்டாரத்தில், கூப்பிடு தொலைவில், ஒரு நாயின் வாழ்வும் சாவும் பழைய அலைக்கோட்டைப் பொறுத்து அமைந்தன.

இனி, அவ்வாறு வீட்டுக்கு வந்த நாய் செய்வது என்ன? அதனை வளர்த்தோர் பெரும்பாலும் ஒன்றையே கூறுவர். கழுத்துப்பட்டை தரையில் கிடக்கும், நாய் இராது. கயிற்றைக் கடித்து அறுக்கும். வேலிக்கடியில் பள்ளம் பறித்து நுழையும். வாயிற்கதவு ஒரு சாண் திறந்தால் போதும், பாய்ந்துவிடும். தேடிப்பிடித்துக் கொணர்ந்தால் மறுவாரம் மீண்டும் ஓடும். "நன்றியில்லாத நாய்" என்று அண்டை வீட்டார் தீர்ப்பளிப்பர். நன்றிக்கே உவமையாகத் தமிழர் எடுத்தாண்ட உயிர் இவ்வாறு பழிக்கப்படுவது வேடிக்கைதான். அந்நாய் எதனைக் கண்டு ஓடுகின்றது என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழர் நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்கினர். தான் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் தலைவனைக் கண்டு வாலைக் குழைக்கும் நாயை நாலடியார் நட்புக்கு உவமையாக்கியது. அறிந்த பாகனையே கொல்லும் யானையைவிட அதனை உயர்த்திக் கூறியது. நூல் வழக்கோடு இது நிற்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவகத்தி என்னும் வீரன் பட்டபோது அவனுடன் நின்று கள்வரைக் கடித்த நாயின் உருவம் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றது. கோவிவன் என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் பெயரோடு கல்லில் நின்ற நாய் அது. பெயர் பெற்ற நாய்க்கு ஊரில் இடமுண்டு, பெயரில்லாத நாய்க்குக் கல்லெறியே உண்டு என்னும் வேறுபாடு இன்றுவரை தொடர்கின்றது.

சிங்கப்பூரில் அந்த வேறுபாடு அரசாணையாகவே உருக்கொண்டது. 1825ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து இந்தியத் தண்டனைக் கைதிகள் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்துத் தமிழர் பலர் அவர்களுள் இருந்தனர். சாலைகளும் பாலங்களும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும் அவர்கள் உழைப்பால் எழுந்தவை என்பதை மாணவர் பாடநூல்களில் படிக்கின்றனர். நகரில் திரிந்த நாய்களைத் தடியால் அடித்துக் கொல்லும் வேலைக்கும் அக்கைதிகள் அனுப்பப்பட்டனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காலில் விலங்கு பூண்ட மனிதன், கட்டற்றுத் திரிந்த விலங்கைக் கொல்ல ஏவப்பட்டான். அவன் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை எந்த ஆவணமும் பதியவில்லை.

அக்காலத்து ஆங்கில இதழ்கள் அந்நாய்களைக் குறிக்க ஆண்ட சொல்லும் தமிழரோடு தொடர்புடையதே. பறை என்னும் தொன்மையான இசைக்கருவியோடு இணைந்த ஒரு மக்கட்பிரிவின் பெயரைத் தமிழகக் கடற்கரையில் கேட்ட ஐரோப்பியர், அதனை ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் தம் மொழிகளில் ஏற்றினர்; பின்னர் உரிமையாளர் இல்லாத நாய்க்கு அதனையே அடைமொழியாக்கினர். ஒரு சமூகத்தின்மீது சுமத்தப்பட்ட இழிவை நாயின்மீதும், நாயின்மீதிருந்த அருவருப்பை அச்சமூகத்தின்மீதும் மாறிமாறி ஏற்றிய சொல் அது. தமிழாசிரியர்கள் இச்சொல்லின் பயணத்தை வகுப்பறையில் விளக்குவது நலம். மறைத்துச் செல்வதால் அதன் நஞ்சு குறையப்போவதில்லை. சிங்கப்பூரில் இப்போது அந்நாய்களை ஆர்வலர்கள் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று அழைக்கின்றனர். சற்று வணிக மணம் வீசும் பெயர்தான். எனினும் முந்தையதைவிட எவ்வளவோ மேல்.

கொலைக்குக் காரணம் வெறும் அருவருப்பு என்று கூறுதல் நேர்மையாகாது. வெறிநாய்க்கடி என்னும் கொடுநோய் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தீவை அச்சுறுத்தியது. பாரிசில் லூயி பாஸ்டர் 1885இல் முதன்முறையாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி இட்டார். தென்னிந்தியாவுக்கென்று குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் அமைந்தது. மருந்து எட்டாத இடங்களில் தடியும், வாய்ப்பூட்டும், சுருக்குக் கயிறுமே மருந்தாக இருந்தன. 1953 முதல் சிங்கப்பூர் அந்நோய் அற்ற நாடாக இருந்துவருகின்றது. நோய் போயிற்று, சுருக்குக் கயிறு போகவில்லை. கம்பங்கள் அகற்றப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த 1960களிலும் 1970களிலும், உடன் வர இடமின்றி விடப்பட்ட நாய்கள் பல. பின்னாளில் தொழிற்பேட்டைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் காவலுக்கு வளர்த்து, பணி முடிந்ததும் கைவிடப்பட்ட நாய்கள் அவற்றோடு சேர்ந்தன. இதற்கிடையே 1947இல் லூசியா பாக் என்னும் ஆங்கிலப் பெண்மணி தம் இல்லத்திலேயே ஆதரவற்ற விலங்குகளுக்குப் புகலிடம் அளித்தார். இன்றைய விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் தொடக்கம் அதுவே. அதன் புகலிடம் 1984இல் மவுண்ட் வெர்னனுக்கும் பின்னர் சுங்கை தெங்காவுக்கும் மாறியது.

இத்தகைய நாய்களின் தலைமுறைகளில் எவை எஞ்சின? கயிற்றோடு வரும் மனிதனைக் கண்டதும் ஓடியவையே எஞ்சின. அமைதியாக நின்றவை பிடிபட்டன. இது அறிவியலார் அளந்து கூறிய முடிவன்று, என் கருத்து. ஆயினும் ஒரு நாட்டுநாய் கழுத்துப்பட்டையைக் கண்டு நடுங்குவதைப் பார்த்தவர் இதனை எளிதில் மறுக்க மாட்டார்.

கட்டுக்கு அடங்காத நாயை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் உருசிய அறிஞர் இவான் பாவ்லவ். மணியோசைக்கு எச்சில் ஊறும் நாயின் கதையாகவே அவர் பெயர் நம் மாணவரிடம் பரவியுள்ளது. ஆய்வு மேடையில் வாரால் பிணிக்கப்படுவதை ஒரு நாய் சற்றும் பொறுக்கவில்லை. பிற நாய்கள் சில நாளில் பழகிவிட்டன. இதுவோ திமிறிற்று, வாரைக் கடித்தது, இடைவிடாது எச்சில் வடித்தது. பாவ்லவும் அவருடைய துணைவர் ஒருவரும் 1917இல் அதற்கு 'விடுதலையின் அனிச்சைச் செயல்' என்று பெயரிட்டனர். உண்ணுதலும் தற்காத்தலும் எவ்வாறு பிறவியிலேயே அமைந்தவையோ, கட்டை எதிர்த்தலும் அவ்வாறே அமைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. எதிர்க்காத விலங்கு சிறு தடைக்கும் பணிந்து அழிந்துபோகும் அன்றோ? அந்த நாயை அவர்கள் வழிக்குக் கொணர்ந்த முறை கடுமையானது. மேடையைத் தவிர வேறெங்கும் உணவு இல்லை. முதலில் அது உண்ண மறுத்து இளைத்தது. பிறகு மெல்ல மெல்லப் பணிந்தது. ஆய்வு இடையில் நின்ற நாட்களுக்குப் பின் பழைய எதிர்ப்பு மீண்டும் தலைதூக்கியது. அதே நாட்டில், மாஸ்கோ தெருக்களில் திரிந்த ஒரு நாய் மிகச் சிறிய கூண்டில் அடங்கி இருக்கப் பழக்கப்பட்டு, 1957 நவம்பர் 3ஆம் நாள் விண்கலத்தில் ஏற்றப்பட்டது. லைக்கா திரும்பவில்லை. பழகியதன் பரிசு அதுவாயிற்று.

பசியால் பணியவைப்பது ஒரு வழி. மற்றொரு வழிக்குச் சான்று சிங்கப்பூரின் போர்க்கால வரலாற்றிலேயே உள்ளது. 1942 பிப்ரவரியில் இந்நகர் வீழ்ந்தபோது, ஐரோப்பியப் பொதுமக்கள் காத்தோங்குக்கு நடத்திச் செல்லப்பட்டு, காரைக்கால் மகாலிலும் அக்கம்பக்கக் கட்டடங்களிலும் அடைக்கப்பட்டுப் பின்னர் சாங்கிச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். நகர் வீழ்வதற்கு இரண்டு நாள் முன்பு, 13ஆம் நாள், இங்கிருந்து புறப்பட்ட 'கிராஸ்ஹாப்பர்' என்னும் பிரிட்டிஷ் போர்ப்படகில் ஜூடி என்ற பாயின்டர் இன நாய் இருந்தது. ஷாங்காயில் 1936இல் பிறந்த இது, குட்டியாக இருந்தபோதே நாய்ப்பட்டியிலிருந்து நழுவித் தெருவில் வாழ்ந்து, மீண்டும் பிடிபட்டுப் படகு மாலுமிகளிடம் சேர்ந்தது. மறுநாளே படகு குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. உயிர் தப்பியவர்களோடு சுமத்ரா சென்ற ஜூடி, மேடான் அருகிலிருந்த குளுகூர் போர்க்கைதி முகாமை அடைந்தது.

அங்கே பிராங்க் வில்லியம்ஸ் என்னும் விமானப்படைக் கைதி தம் பங்குச் சோற்றை அதனுடன் பகிர்ந்துகொண்டார். கைதிக்கு ஒரு வேளைச் சோறு என்பது எத்தகைய ஈகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காவலர் கண்ணில் படாமல் மறையவும், சைகை கண்டு திரும்பி வரவும் அவர் அதனைப் பழக்கினார். முகாமின் தலைவரை இணங்கச் செய்து, ஜூடியைப் போர்க்கைதியாகவே பதிவு செய்வித்தார். அதன் எண் 81அ. 1944 ஜூனில் கைதிகளைக் கப்பலில் சிங்கப்பூருக்கு மாற்றியபோது, நாயை விட்டுச்செல்லப் புதிய தலைவர் ஆணையிட்டார். வில்லியம்ஸ் அதற்கு அரிசிச் சாக்குக்குள் அசையாமல் அடங்கி இருக்கக் கற்பித்திருந்தார். வெயிலில் மணிக்கணக்காக நின்ற வரிசையில், அவர் தோளில் தொங்கிய சாக்கிலிருந்து ஓர் ஒலியும் எழவில்லை. பட்டியிலிருந்து தப்பிய அதே நாய்! வழியில் அக்கப்பல் நீர்மூழ்கியால் தாக்குண்டது. வில்லியம்ஸ் அதனைக் கப்பலின் சாளரத் துளை வழியே கடலில் தள்ளிக் காப்பாற்றினார். சிங்கப்பூரில் ரிவர் வேலி சாலை முகாமில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். போருக்குப் பின், 1946இல், விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் ஜூடிக்கு வழங்கப்பட்டது.

காத்தோங் வீட்டு நாய்க்கும் இதில் பாடம் உண்டு. கழுத்துப்பட்டை நழுவுவதற்கு உடலமைப்பே காரணமாகலாம். நாட்டுநாயின் தலை ஒடுங்கியது. கழுத்தோ ஏறத்தாழத் தலையளவு பருத்தது. அது பின்னோக்கி நடந்து தலையைத் தாழ்த்தினால் பட்டை தானே கழன்றுவிடும். இறுக்கக் கட்டினால் அச்சம் மிகும். அச்சம் மிகுந்தால் மேலும் திமிறும். ஆகையால் பயிற்சியாளர் மார்போடு பூட்டும் வாரையும், இழுத்தால் அளவோடு மட்டும் இறுகும் பட்டையையும் ஒருங்கே பயன்படுத்துகின்றனர். இரண்டிலும் தனித்தனிக் கயிறு. முதல் நாட்களில் வெளியே அழைத்துச் செல்வதே இல்லை. வாரை உணவுத் தட்டின் அருகில் கிடத்துவர். நாய் அதனை முகர்ந்து உண்ணும். பின்னர் அதன் முதுகில் சற்று நேரம் வைத்து எடுப்பர். பூட்டுவது கடைசியில்தான். பெயர் சொல்லி அழைத்து, வந்தபோதெல்லாம் கையால் உணவு தருவர். ஓடித் திரும்பிய நாயை அடிக்கலாகாது. அடித்தால், திரும்பி வந்ததற்கே தண்டனை என்று அது கற்கும். இதற்கு வாரங்கள் ஆகலாம், திங்கள்கள் ஆகலாம். பொறுமையிழந்து புகலிடத்துக்கே நாயைத் திருப்பி அனுப்புவோர் உள்ளனர். அவர்களைக் குறைகூறுவது எளிது. நள்ளிரவில் தெருத்தெருவாக நாய் தேடி அலைந்தவருக்கே அந்தச் சலிப்பு விளங்கும்.

சட்டமும் மெல்ல அசைந்தது. 'அடோர்' என்னும் திட்டத்தின்கீழ் 2012 முதல் கலப்பின நாட்டுநாய்களை அடுக்குமாடியில் வளர்க்க வழி பிறந்தது. உயரம் 50 சென்டிமீட்டருக்கும் எடை 15 கிலோவுக்கும் மேற்படாமை, கருத்தடை, அடையாள நுண்சில்லு, கீழ்ப்படிதல் பயிற்சி ஆகியவை நிபந்தனைகள். எலும்பு தேறிய ஒரு நாட்டுநாய் இந்த எடையை எளிதில் தாண்டிவிடும். நன்றாக உண்டதே அதன் குற்றமாகிவிடும். 2020 மார்ச்சில் எடை வரம்பு நீக்கப்பட்டு, உயர வரம்பு 55 சென்டிமீட்டர் ஆயிற்று. மரின் பரேட்டின் மின்தூக்கிகளிலும் இனி நாட்டுநாய்கள் ஏறலாம்.

2018 நவம்பரில் அரசு மற்றொரு திட்டத்தைத் தொடங்கியது. தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வீட்டில் வாழப் பழகக் கூடியவற்றைத் தத்துக் கொடுத்து, ஏனையவற்றைப் பொருத்தமான இடங்களில் விட்டுக் கண்காணிப்பது அதன் முறை. இதில் தமிழகம் முன்னோடி என்பது இங்குள்ளோர் பலர் அறியாத செய்தி. 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, கொலையை விடுத்துக் கருத்தடையை 1964 முதலே வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரிலும் கயிற்றோடு நாயைத் தேடி ஆட்கள் இன்றும் செல்கின்றனர். பிடிபட்ட நாய்களுள் எந்த வீட்டுக்கும் இணங்காதவை உண்டு. அவற்றின் கழுத்திலிருந்து அந்தக் கயிற்றைக் கழற்றி, அவற்றை மீண்டும் வெளியே விடுவோரும் அவர்களே.