காற்றில் ஏறி நீரில் இறங்கிய மாசு: எண்ணூர் – பழவேற்காடு நீர்ப்பரப்பின் சூழலியல் வரலாறு (1856–2024)

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னையின் காற்று மாசு நகர உடல்நலச் சிக்கலாகவும், எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவு மீனவர் வாழ்வாதாரச் சிக்கலாகவும் தனித்தனியே ஆராயப்பட்டு வருகின்றன. இவ்விரண்டும் ஒரே வரலாற்றுப் போக்கின் விளைவுகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், மணலி வழியாக எண்ணூரை அடைந்த தொழில் விரிவாக்கம், நகரின் காற்றுச் சுமையைப் படிப்படியாக வடக்கே நகர்த்தியது. அச்சுமை இறுதியில் தங்கிய இடம் எண்ணூர்க் கழியும் அதனோடு இணைந்த பழவேற்காடு ஏரிப் பகுதியும் ஆகும். காற்றையும் நீரையும் தனித்தனியே அளக்கும் சட்ட, நிர்வாக நடைமுறை இவ்விடமாற்றத்தைப் பதிவேடுகளில் புலப்படாமல் செய்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: எண்ணூர், பழவேற்காடு ஏரி, கொசஸ்தலையாறு, காற்று மாசு, நிலக்கரிச் சாம்பல், வடசென்னை, சூழலியல் வரலாறு.

முன்னுரை

சென்னையின் தொழில் வரலாறு எழுதப்பட்ட அளவிற்கு அதன் காற்றின் வரலாறு எழுதப்படவில்லை. ஆலைகளின் தோற்றம், தொழிற்சங்கங்களின் வளர்ச்சி, துறைமுக விரிவாக்கம் ஆகியவை குறித்து ஏராளமான பதிவுகள் உள்ளன. ஆலைகள் வெளியிட்ட புகையும் தூசும் எங்கே சென்றன, எங்கே தங்கின என்னும் வினா அப்பதிவுகளில் அரிதாகவே எழுகிறது. காற்றில் கலந்த துகள் காற்றிலேயே நிலைத்திருப்பதில்லை; மண்ணிலோ நீரிலோ படிந்தே தீரும். எனவே, காற்று மாசின் வரலாற்றை அது படியும் நீர்நிலையின் வரலாற்றோடு சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.

நீர்ப்பரப்பின் இயல்பு

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம் எண்ணூர்க் கழிமுகம். அங்கிருந்து வடக்கே செல்லும் பக்கிங்காம் கால்வாய் அதனைப் பழவேற்காடு ஏரியோடு இணைக்கிறது. இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி இன்றைய ஆந்திரப் பிரதேசத்திலும், தென்முனை தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஆரணியாறு, காளங்கியாறு முதலியன தரும் நன்னீரும் முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரும் கலப்பதால் இறால், நண்டு, மடவை போன்றவற்றிற்கு இது வளமான வளர்விடம். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் பழவேற்காட்டு மீனவரிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. இருளர் மக்கள் ஆழங்குறைந்த நீரில் இறங்கிக் கைகளால் இறால் பிடித்து வாழ்கின்றனர்.

இந்நீர்ப்பரப்பு ஆழங்குறைந்தது என்பது இக்கட்டுரைக்கு இன்றியமையாத செய்தியாகும். ஆழ்கடலில் விழும் தூசு பரவி நீர்த்துவிடும். ஆழங்குறைந்த கழியில் விழும் தூசோ சேற்றில் படிந்து, இறாலும் நண்டும் வாழும் தளத்திலேயே தங்கிவிடும்.

காற்றின் போக்கும் கருதத்தக்கது. கோடைப் பிற்பகல்களில் தென்கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று எண்ணூரின் புகையை வடமேற்கே, மீஞ்சூர்ப் பக்கமாகக் கொண்டு செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதே புகை திருவொற்றியூர், இராயபுரம் நோக்கித் திரும்புகிறது. ஆகவே, இப்பகுதியில் ஓர் ஊரின் மாசு அவ்வூருக்கு மட்டும் உரியதாக என்றுமே இருந்ததில்லை.

துறைமுகமும் தொடர்வண்டியும்

1806இல் தனியார் முயற்சியாக வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் சென்னையை எண்ணூரோடு இணைத்தது. பின்னர் அரசு அதனை ஏற்று வடக்கும் தெற்கும் நீட்டித்தது. 1876–78 பஞ்ச நிவாரணப் பணிகளின்போது கால்வாய் மேலும் விரிவுபெற்று, அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் படகுகளில் இதன் வழியே நகருக்கு வந்தன. அக்காலத்தில் எண்ணூர், நகரத்து ஐரோப்பியர் நல்ல காற்றை நாடிச் சென்ற ஓய்விடமாகவும் இருந்தது.

1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. நிலக்கரிப் புகை வடசென்னையின் அன்றாட வாழ்வில் நுழைந்ததன் அடையாளமாக இவ்வாண்டைக் கொள்ளலாம். 1870களில் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கரையோர மணல் நகர்வைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டது. நகரின் தென்பகுதி ஆதாயம் பெறவும் வடபகுதி அதன் விலையைச் செலுத்தவும் நேர்ந்த முறை, காற்றுக்கு முன்பே கரையில் தொடங்கிவிட்டதை இது காட்டுகிறது.

ஆலைகளின் வடக்கு நகர்வு

விடுதலைக்குப் பின் இந்நகர்வு விரைவுபெற்றது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொடங்கப்பட்டது. 1955இல் என்ஃபீல்டு தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. 1965இல் நிறுவப்பெற்ற மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 1969இல் மணலியில் இயங்கத் தொடங்கியது. உர ஆலையும் பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகளும் அதனைத் தொடர்ந்தன. இவை பல்லாயிரவருக்கு வேலை அளித்தன. வடசென்னையின் தொழிலாளர் பண்பாட்டை உருவாக்கின. இவ்வாக்கப் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. எனினும், இவற்றின் புகைபோக்கிகள் அனைத்தும் ஒரே ஆற்று முகத்துவாரத்தைச் சூழ்ந்து எழுந்தன என்பதும் வரலாற்று உண்மையே.

சாம்பலின் இரு வழிகள்

1970 முதல் 1975 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட் திறன் கொண்டது, 2017இல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் 630 மெகாவாட்டும், பின்னர் இரண்டாம் கட்டத்தில் 1200 மெகாவாட்டும் பெற்றது. வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம் எழுந்தது. 2024 மார்ச்சில் வடசென்னை மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் சேர்ந்தது. ஒரு நிலையம் மூடப்பட்டபோதும் பகுதியின் மொத்தச் சுமை குறையவில்லை. 450 மெகாவாட் இருந்த இடத்தில் இன்று 4130 மெகாவாட் திறன் நிற்கிறது.

இந்திய நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். மின்னூட்டத்தால் துகள்களைப் பிடிக்கும் கருவி நன்கு இயங்கினால் அதில் மிகப் பெரும்பகுதி புகைபோக்கியை அடைவதில்லை. ஆனால், பிடிபட்ட சாம்பல் மறைந்துவிடுவதும் இல்லை. நீரில் கரைத்துக் குழாய்கள் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்பப்பட்டபோது, குழாய்க் கசிவுகளால் அது கொசஸ்தலையாற்றில் கலந்தது. குளங்களில் காய்ந்த சாம்பல் கோடைக் காற்றில் மீண்டும் எழுந்து செப்பாக்கம் போன்ற ஊர்களின் வீடுகளில் படிந்தது. காற்றைக் காக்கும் ஏற்பாடு நீருக்குச் சுமையாகி, அந்நீர் வற்றியபின் மீண்டும் காற்றுக்கே திரும்பும் சுழற்சி இது.

எண்ணூர்க் கழியில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததும், படகு செல்லும் தடங்கள் தூர்ந்ததும், மீன்வளம் குன்றியதும் மீனவர்களால் பல்லாண்டுகளாக எடுத்துரைக்கப்பட்டன. 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, வல்லுநர் குழுவின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீரமைக்க ஆணையிட்டது. மீனவரின் பட்டறிவு சட்டச் சான்றாக ஏற்கப்பட இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

2011: தீர்ப்பும் இடமாற்றமும்

இவ்வரலாற்றின் திருப்புமுனை 2011ஆம் ஆண்டு. சென்னைத் துறைமுகத்தில் கையாளப்பட்ட நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றின் தூசு, இராயபுரம் உள்ளிட்ட அண்டைப் பகுதிகளைப் பல்லாண்டுகள் வருத்தியது. அவ்வாண்டு மே மாதம், இச்சரக்குகளை அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் கையாளாமல் எண்ணூருக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2001இல் அனல்மின் நிலையங்களின் நிலக்கரித் தேவைக்கெனத் தொடங்கப்பட்டு, 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகம் இச்சுமையை ஏற்றது.

இராயபுரம் மக்களுக்கு இது நியாயமான விடுதலை. ஆனால், தூசு ஒழிக்கப்படவில்லை, முகவரி மாறியது. மணலி ஏற்கெனவே 2009ஆம் ஆண்டின் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியக் குறியீட்டில் 70 புள்ளிகளைக் கடந்து, நாட்டின் மிகக் கடுமையாக மாசடைந்த 43 தொழிற்பகுதிகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் அண்டையிலேயே புதிய சுமை வந்து சேர்ந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதியிலிருந்து நெருக்கம் குறைந்த பகுதிக்கு மாசை நகர்த்துவது தீர்வாகத் தோன்றலாம். அந்நெருக்கம் குறைந்த பகுதி ஒரு மீன்வளப் பரப்பு என்பது அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

உலக ஒப்பீடு

இப்போக்கு சென்னைக்கு மட்டும் உரியதன்று. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நச்சுப்புகையின் விளைவாக 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றியது. உயரமான புகைபோக்கிகள் நகரக் காற்றைத் தெளிவாக்கின. கந்தகம் காற்றில் நெடுந்தொலைவு பயணம் செய்தது. பிரிட்டனும் மேற்கு ஐரோப்பாவும் வெளியிட்ட கந்தகம் சுவீடன், நார்வே ஏரிகளை அமிலமாக்கியது அறிவியலாரால் உறுதி செய்யப்பட்ட பின், 1979இல் எல்லை கடந்த காற்று மாசு குறித்த ஒப்பந்தம் உருவானது. வட அமெரிக்கப் பேரேரிகளுக்கான ஒப்பந்தத்தில் 1987ஆம் ஆண்டுத் திருத்தம், காற்று வழியே ஏரியில் படியும் நச்சுப்பொருள்களைத் தனிப் பிரிவாகச் சேர்த்தது. ஏரியைக் காக்க அதன் மேலுள்ள காற்றையும் அளக்க வேண்டும் என்னும் கொள்கை அங்கே சட்ட வடிவம் பெற்றது.

ஒப்பீட்டிற்கு எல்லையும் உண்டு. கடல்நீர் கலந்த எண்ணூர்க் கழி, நார்வேயின் நன்னீர் ஏரிகளைப் போல எளிதில் அமிலமாவதில்லை. இங்கே முதன்மையான தீங்கு சாம்பற் படிவும் அதனோடு வரும் உலோகங்களும் ஆகும். வேதி வினை வேறாயினும், நகரத்தின் நலத்திற்காக நீர்நிலை செலுத்தும் விலை ஒன்றே.

பிரித்து அளக்கும் நடைமுறை

நீர் மாசுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டமும், காற்று மாசுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. தேசிய காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தில் கையால் இயக்கும் நிலையங்கள் வாரத்திற்கு இருமுறை காற்றில் உள்ள செறிவை அளக்கின்றன. மனிதர் சுவாசிக்கும் காற்றைக் கருதி வகுக்கப்பட்ட அளவு அது. நுண்துகள் 2.5இன் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். ஓராண்டில் கழியின் மீது எவ்வளவு தூசு படிந்தது என்னும் கேள்விக்கு இவ்வெண்ணில் விடை இல்லை. 2015இல் வகுக்கப்பட்ட அனல்மின் நிலைய உமிழ்வு வரம்புகளின் காலக்கெடுவும் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

2023 டிசம்பர் நிகழ்வுகள் இப்பிரிவினையின் போதாமையை வெளிப்படுத்தின. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியை அடைந்தது. அலையாத்தி மரங்களிலும் வலைகளிலும் படிந்தது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா பெரியகுப்பம் பகுதி மக்களை மூச்சுத் திணறச் செய்தது. கடலுக்கு அடியில் நேர்ந்த கசிவு ஊரின் காற்றைத் தாக்கியது. எதனைக் காற்று மாசு என்பது, எதனை நீர் மாசு என்பது?

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவதாக, வடசென்னையின் காற்று மாசு வரலாறு பெரிதும் இடமாற்றத்தின் வரலாறாகவே அமைந்துள்ளது. ஒரு பகுதியின் மீட்சி அடுத்த பகுதியின் சுமையாயிற்று. இரண்டாவதாக, அவ்விடமாற்றத்தின் இறுதி எல்லையாக எண்ணூர்க் கழி கருதப்பட்டது. ஆனால், கால்வாயும் காற்றும் அதனைப் பழவேற்காட்டோடு இணைப்பதால் அவ்வெல்லை உண்மையில் எல்லையன்று. மூன்றாவதாக, கழிப்பரப்பில் படியும் தூசையும் சாம்பலையும் தொடர்ந்து அளக்காதவரை, எந்தப் புதிய திட்டத்தின் சூழல் மதிப்பீடும் அரைகுறையாகவே அமையும். கழியின் ஆழம், சேற்றின் நிறம், இறாலின் வரத்து ஆகியவை பற்றி மீனவரும் இருளரும் கொண்டுள்ள வாய்மொழிச் செய்திகள், அளவீடுகள் இல்லாத காலத்திற்கான முதன்மைச் சான்றுகளாகும். அவற்றை முறையாகத் தொகுப்பது தமிழ்ச் சூழலியல் வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும். அக்கழியை அதன் பழைய ஆழத்தில் கண்ட தலைமுறை இன்னும் நெடுங்காலம் நம்மோடு இராது.