நடையா, அதிர்வு மேடையா?

மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையை விட்டு இறங்கவிடாத காலம் இருந்தது. 1952-இல் பாஸ்டன் மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும், அப்படிப்பட்டவரை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதினார்கள். அதுவே அன்று பெரிய துணிச்சல். 1966-இல் டல்லாஸில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்துப் பார்த்தார்கள். உழைக்கும்போது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்திருந்தது. படுத்தே கிடப்பதும் ஒரு நோய்தான் என்பது அப்போது புரிந்தது.

இன்று சிக்கல் இல்லாதவரை ஓரிரு நாளில் வராந்தாவில் நடக்கவிடுகிறார்கள். பிறகு சில வாரங்கள் கண்காணிப்பில் ட்ரெட்மில்லோ சைக்கிளோ. இதற்குப் பக்கத்தில் புதிதாக வந்து நிற்கிறது அதிர்வு மேடை. முழங்காலைச் சற்று மடக்கி அதன்மேல் நின்றால் போதும். நொடிக்கு இருபது, முப்பது முறை அது அதிரும்.

இரண்டும் தசையைத்தான் வேலை வாங்குகின்றன, வாங்கும் விதம் வேறு. நடையில் கால் தசைகள் நம் விருப்பப்படி இயங்கி ஆக்சிஜன் கேட்கின்றன. இதயமும் நுரையீரலும் ஈடுகொடுத்தாக வேண்டும். இது தினமும் நடந்தால் தசை ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை நன்றாக எடுக்கப் பழகும், ரத்தக்குழாய்கள் நன்றாக விரியும், அதே வேலைக்கு முன்பைவிடக் குறைந்த துடிப்பு போதும். மேடையிலோ, ஒவ்வோர் அதிர்விலும் தசை நொடிப்பொழுது இழுபடுகிறது. இழுப்பை உணரும் நரம்புகள் முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, நாம் நினைக்காமலே தசை சுருங்குகிறது. கால் உழைக்கிறது, நாடித்துடிப்பு பெரிதாக ஏறுவதில்லை.

மேடையின் பலமும் பலவீனமும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கின்றன. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் முதியவருக்கு, இதயத்தை அதிகம் வருத்தாமல் தொடையில் வலு சேர்க்க வழி கிடைக்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், மேடைமேல் உட்கார்ந்து எழுந்தவர்களின் ஆறு நிமிட நடைத்தூரம், தரையில் அதைச் செய்தவர்களுடையதைவிட அதிகம் முன்னேறியது. ஆனால் மூச்சு வாங்காத பயிற்சி, இதயத்துக்கு வேண்டிய பயிற்சியை முழுதாகத் தராது. தசை வலுவை வைத்து இதய வலுவைக் கணக்கிடக் கூடாது. விளம்பரங்கள் செய்வது அதைத்தான்.

ஆதாரத்தை எடைபோட்டால் தராசு ஒரேயடியாகச் சாய்கிறது. உடற்பயிற்சி சார்ந்த மறுவாழ்வு இதயநோய் மரணத்தையும், மறுபடி மருத்துவமனையில் சேர்வதையும் குறைப்பதைப் பல ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் மதிப்பாய்வுகள் காட்டியுள்ளன. அந்தப் பயிற்சியின் முதுகெலும்பு நடையும் சைக்கிளும்தான். அதிர்வுக்கு இருப்பவை பெரும்பாலும் சிறிய, குறுகிய கால ஆய்வுகள். அவை அளப்பது தசை வலுவையும் நடைத்தூரத்தையும், ஆயுளை அல்ல.

செலவிலும் ஒப்பில்லை: நடைக்கு ஒரு ஜோடி செருப்பு போதும். மேடைக்கு மின்சாரமும் பணமும் மேற்பார்வையும் வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர், காலில் ரத்தக்கட்டி உள்ளவர், பைபாஸ் முடிந்து மார்பெலும்பு இன்னும் கூடாதவர் பொதுவாக அதில் ஏறவே கூடாது.

எனவே நடக்க முடிந்தவர் நடக்கட்டும். நடக்கவே வலுவில்லாதவருக்கு, இதய மருத்துவர் சம்மதித்தால், பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, நடைக்கு முந்தைய படியாக மேடையைப் பயன்படுத்தலாம். கடையில் வாங்கி வீட்டுக் கூடத்தில் போட்டு நீங்களாகவே ஏறி நிற்காதீர்கள்.