லண்டனில் புறப்பட்ட வெண்கலப் பதக்கம்

சீகிரியா குன்றின் உச்சியில் பாறையைக் குடைந்த தடாகம் ஒன்று இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கட்டிய அரண்மனையின் மிச்சம் அது. கீழே நீர்த் தோட்டத்தின் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகின்றன. தண்ணீரை மலைமேல் நிறுத்தி வைக்கத் தெரிந்த ஊர் இது. அந்தத் தண்ணீரில் பிள்ளைக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க யாருக்குத் தகுதி என்ற கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் வர அதற்குப் பிறகு ஆயிரத்து நானூறு வருடங்கள் ஆயின. வந்ததும் இங்கே அல்ல, லண்டனில்.

1891இல் வில்லியம் ஹென்றி, ஆர்ச்சிபால்ட் சிங்கிளேயர் என்ற இரண்டு நீச்சல்காரர்கள் அங்கே ஓர் உயிர்காப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1904இல் அரசர் ஏழாம் எட்வர்ட் அதற்கு ‘ராயல்’ என்ற அடைமொழியைக் கொடுத்தார். சங்கம் வழங்கிய வெண்கலப் பதக்கத்தை முந்தி நீந்தி வாங்க முடியாது. தத்தளிப்பவரை எப்படி நெருங்குவது, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால் எப்படி விடுவித்துக்கொள்வது, எப்படி இழுத்துக் கரை சேர்ப்பது, நின்ற மூச்சை எப்படித் திருப்புவது என்று செய்து காட்டினால்தான் கிடைக்கும்.

வெண்கலம் மாறவில்லை, பரீட்சை மாறிக்கொண்டே இருந்தது. முதலில் ஆளை மல்லாத்திக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கும் சில்வெஸ்டர் முறை. அடுத்து, குப்புறக் கிடத்தி முதுகின் அடிப்பகுதியை அழுத்தும் ஷேஃபர் முறை. அதன் பிறகு டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் சொன்னபடி முதுகை அழுத்தி முழங்கைகளை உயர்த்தினார்கள். 1950களின் கடைசியில் வாயோடு வாய் வைத்து ஊதுவது வந்தது. 1960இல் நெஞ்சை அழுத்துவதும் சேர்ந்தது. முப்பதுகளில் பதக்கம் வாங்கியவர் அறுபதுகளிலும் பழைய முறையையே செய்திருந்தால், காப்பாற்ற வந்தவரே நேரத்தை வீணாக்கியிருப்பார். நீச்சல் ஆசிரியர் சான்றிதழுக்குக் காலாவதி வைப்பதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 1979இல் தொடங்கிய ஆஸ்ட்ஸ்விம் அமைப்பின் உரிமத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உயிரூட்டும் பயிற்சியைத் தனியாகவும் புதுப்பிக்க வேண்டும். வகுப்பறைப் பாடம் மட்டும் போதாது, அனுபவமுள்ள ஆசிரியர் பார்த்திருக்கத் தண்ணீரில் நின்று பிள்ளைகளுக்குக் கற்பித்தும் காட்ட வேண்டும். தொல்லைதான், ஆனால் தேவையான தொல்லை.

இலங்கையில் உயிர்காப்புச் சங்கம் 1947இல், சுதந்திரத்துக்கு முந்திய வருடம், உருவானது. நீச்சல் தடாகம் வைத்திருந்த பள்ளிக்கூடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே பதக்கம் நெடுங்காலம் கொழும்பைச் சுற்றியே வாழ்ந்தது. வடக்கில் கதை வேறு. தொண்டைமானாற்று முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன் 1971இல் அதை நீந்திப் போய்த் திரும்பினார். அவர்களை வளர்த்தது கடல். நம் ஊர்களில் ‘நல்லா நீந்துவான், அவனிட்டப் பிள்ளையை விடு’ என்று சொல்லும் பழக்கமும் அப்படி வந்ததுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீரிணையை நீந்துகிறவன் தன் மூச்சைக் கவனிக்கிறான். பத்துப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குகிறவனோ பத்து மூச்சைக் கவனிக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. சத்தமில்லாமல் போய்விடும். அதைப் பார்க்கும் கண் பயிற்சியால் வருவது.

2004 சுனாமியில் ஆண்களை விடப் பெண்கள் அதிகம் இறந்த ஊர்கள் பல என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்லின. நீந்தத் தெரியாமை ஒரு காரணம், மரமேறிப் பழகாதது இன்னொன்று, உடுப்பும் ஒன்று. பிரித்தானிய நீச்சல் ஆசிரியை கிறிஸ்டினா ஃபோன்ஃபே தென்கரையில் பெண்களுக்கான நீச்சல் திட்டத்தைத் தொடங்கியது அதன் பின்புதான். பெண்களுக்கு நீந்தக் கற்பித்ததோடு அவர் நிற்கவில்லை, உள்ளூர்ப் பெண்களை ஆசிரியைகளாக்கினார். ஆண் ஆசிரியரிடம் மகளை அனுப்பாத வீட்டில் பெண் ஆசிரியையின் சான்றிதழ்தான் கதவைத் திறக்கும்.

இதுவரை பதக்கம் கரையோரமாகவே நடந்திருக்கிறது. மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. சீகிரியாவைச் சுற்றிக் குளங்களும் வாய்க்கால்களும் கிணறுகளும் இருக்கின்றன, உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டல்களும் இருக்கின்றன. உயிர்காப்பாளர் சான்றிதழ் வைத்திருக்கும் இளைஞனுக்கு ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் வேலை கிடைக்கலாம். குளத்தில் குளிக்கப் போகும் பிள்ளைக்குப் பக்கத்தில் அப்படி ஓர் ஆளை யார் நிறுத்துவது? பயணியின் பிள்ளைக்கு ஒரு காவல், ஊர்ப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம் என்றிருக்கலாகாது.

இதற்கு நீச்சல் தடாகம் கட்ட வேண்டியதில்லை என்று பங்களாதேஷ் காட்டிவிட்டது. அங்கே ‘ஸ்விம்சேஃப்’ திட்டத்தில் ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் அடைத்து, ஆழம் தெரியும்படி மேடை போட்டார்கள். ஊர் இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்து ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். 25 மீற்றர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடி மற்றவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும் என்பதே பிள்ளைக்கு வைத்த எல்லை. ஒலிம்பிக் கனவு எதுவும் இல்லை. மூங்கிலுக்கும் குளத்துக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. இல்லாதது பயிற்றப்பட்ட ஆசிரியர்கள்.

பிரதேச சபைகளும் பாடசாலைகளும் கிராமத்துக்கு இரண்டு பேரையாவது, அதில் ஒருவரைப் பெண்ணாக, இந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம். அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையைத் தண்ணீரில் இறக்குமுன் ஆசிரியரிடம் உயிர்காப்புச் சான்றிதழைக் கேளுங்கள், அதிலுள்ள திகதியைப் பாருங்கள், ஒரு நேரத்தில் எத்தனை பிள்ளைகளைத் தண்ணீரில் விடுவார் என்று விசாரியுங்கள். சுவரில் தொங்கும் போட்டிப் பதக்கங்களைக் காட்டினால் வாழ்த்திவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.