விளையாட்டரங்கில் மைத்திரியும் கருணையும் - ஒரு வரலாற்று நோக்கு

வெற்றியும் தோல்வியும் விளையாட்டின் இலக்கணமாகும். ஓட்டப் போட்டியில் ஒருவர் முந்தினால் ஏனையோர் பிந்தியே ஆகவேண்டும். மற்போரில் ஒருவர் நிலைத்து நிற்க மற்றவர் மண்ணிற் சாயவேண்டும். பௌத்தம் போற்றும் மைத்திரியோ உயிர்கள் யாவும் இன்புற வேண்டுமென விழைவது. கருணையோ பிறர் துன்பம் கண்டு, அது நீங்க வேண்டுமென நெகிழ்வது. பிறரை வெல்ல முனையும் முயற்சியும் பிறர் நலம் நாடும் உள்ளமும் ஒரே அரங்கில் ஒருங்கு நிற்றல் கூடுமா? இவ்வினாவுக்கு வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பௌத்த மூலநூல்களை நோக்குவோம். தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரமசால சூத்திரம், புத்தர் விலக்கிய பொழுதுபோக்குகளின் நீண்ட பட்டியலொன்றைத் தருகின்றது. யானை, எருமை, ஆட்டுக்கடா, சேவல் முதலியவற்றின் சண்டைகளும் குத்துச்சண்டையும் மற்போரும் காணத்தகாத காட்சிகளாக அதிற் குறிக்கப்படுகின்றன. எட்டும் பத்துமாகக் கட்டங்கள் வரைந்து ஆடும் ஆட்டம், சூதாட்டம், பந்தாட்டம் ஆகியவற்றோடு நம் சிறுவர் கிட்டிப்புள் என ஆடும் விளையாட்டை ஒத்த ஒன்றும் ஆங்கு இடம்பெறுகின்றது. இவ்விலக்கு துறவியரின் ஒழுக்கத்தைப் பற்றியதே. இல்லறத்தார் விளையாடுவதை அது தடைசெய்யவில்லை. பிற்கால நூலான லலிதவிஸ்தரமோ, சித்தார்த்தன் மணமகளை அடையும் பொருட்டு வில்லிலும் மல்லிலும் சாக்கிய இளைஞரை வென்றானெனக் கூறுகின்றது. புத்தரின் இளமையைத் தலைசிறந்த வீரனொருவனின் இளமையாகக் கற்பனை செய்வதில் மரபு இடர்ப்பாடெதனையும் காணவில்லை என்பது இதனாற் புலனாகும்.

வெற்றியைப் பற்றிய பௌத்த நோக்கு ஒரு போர் நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்லப்படுகின்றது. கோசல மன்னன் பசேனதியும் மகத மன்னன் அஜாதசத்துவும் பொருதமை பற்றிச் சம்யுத்த நிகாயம் பேசுகின்றது. முதற்போரிற் பசேனதி தோற்றுச் சாவத்தி நகருக்கு மீண்டான். அதனைக் கேள்வியுற்ற புத்தர், வென்றவனைப் பகையும் தோற்றவனைத் துயரும் பற்றிக்கொள்வதையும், இரண்டையும் கடந்தவனே அமைதியுடன் துயில்வதையும் சுட்டினார். இரண்டாம் போரிற் பசேனதி வென்று, தன் மருகனாகிய அஜாதசத்துவைச் சிறைப்பிடித்தான். அவன் படைகளைக் கவர்ந்துகொண்டு, அவனை உயிரோடு விடுவித்தான். வென்ற பின்னர் எதிரியை எவ்வாறு நடத்துவது என்பதே இங்கு முதன்மை பெறும் வினாவாகும். போர்க்களத்தில் எழுந்த இவ்வினா ஆடுகளத்துக்கும் பொருந்துவதாகும்.

இந்நோக்கு முறையானதோர் உளவியலாக வளர்ச்சியடைந்தது நமது நாட்டிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. கி.பி. 5 ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமார்க்கத்தின் ஒன்பதாம் அதிகாரம் மைத்திரி, கருணை, முதிதை, உபேக்கை என்னும் நான்கினையும் விரித்துரைக்கின்றது. முதிதை என்பது பிறர் நலன் கண்டு மகிழ்தல். உபேக்கை என்பது விருப்பு வெறுப்பற்ற நடுநிலை. இந்நூலுக்கு உரைகண்ட தருமபாலர் தென்னிந்தியக் கடற்கரையோரப் பள்ளியொன்றைச் சேர்ந்தவரென மரபு கூறும். தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் தன் முப்பதாவது காதையில் மைத்திரி, கருணை, முதிதை ஆகிய மூன்றையும் பெயர்சுட்டி உரைக்கின்றது. எனவே இக்கருத்துகள் தமிழ் வாசகருக்குப் புறம்பானவையல்ல.

புத்தகோசரின் ஆய்வில் நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது, ஒவ்வொரு நற்குணத்துக்கும் இருவகைப் பகைகள் உண்டென்னும் கருத்தாகும். சேய்மைப் பகை வெளிப்படையானது. அணுக்கப் பகையோ அந்நற்குணத்தின் சாயலையே பூண்டு உள்நுழைவது. மைத்திரிக்குச் சேய்மைப் பகை வெறுப்பு. அணுக்கப் பகை பற்று. இதனை விளையாட்டுலகிற் பொருத்திப் பார்ப்போம். தன் கழகத்தின்மீது தீராத காதல் கொண்ட இரசிகன் தன் உள்ளத்தில் அன்பே நிறைந்திருப்பதாக எண்ணுவான். ஆயின், அக்கழகம் தோற்ற மறுகணமே தன் வீரனையும் மத்தியஸ்தரையும் எதிரணியினரையும் அவன் வசைபாடத் தொடங்கினால், அவ்வன்பு பற்றே என்பது தெளிவாகும். கருணைக்குச் சேய்மைப் பகை கொடுமை. அணுக்கப் பகை தன் இழப்பை எண்ணி வருந்தும் துயர். உபேக்கையின் அணுக்கப் பகை அறியாமை வழிவந்த அசட்டை. யார் காயமுற்றால் எனக்கென்ன என்றிருப்பது நடுநிலையாகாது என்பதை இதனால் உணரலாம்.

மைத்திரியைப் பயிலும் முறையினையும் அந்நூல் படிமுறையாக விளக்குகின்றது. முதலில் தன்னிடத்தும், பின்னர் மதிப்புக்குரியவர், நெருங்கிய நண்பர், அயலார் ஆகியோரிடத்தும், இறுதியிற் பகைவரிடத்தும் அன்பு பரவவேண்டும். இவர்களுக்கிடையேயுள்ள எல்லைகள் உடைந்தனவா என்பதை அறிய ஓர் எடுத்துக்காட்டுத் தரப்படுகின்றது. தன்னோடு வேண்டியவர், அயலார், பகைவர் ஆகிய மூவரும் இருக்கக் கள்வர் வந்து, பலியிட ஒருவரைத் தருமாறு கேட்பின், எவரையேனும் சுட்டுபவன் எல்லையை உடைத்தவனல்லன். தன்னையே சுட்டுபவனும் அவ்வாறே. ஆகவே, தன்னை அழித்துக்கொள்வதை மைத்திரி கோருவதில்லை. வேண்டுமென்றே தோற்பதும் மைத்திரியாகாதென நாம் இதிலிருந்து உய்த்துணரலாம். முழுமுயற்சியுடன் ஆடுவதே எதிரிக்குச் செய்யும் மதிப்பாகும். எதிரியின் நலனைத் தன் வெற்றிக்குப் பலிகொடாமையே மைத்திரியின் எல்லையாகும்.

கோட்பாடு இவ்வாறிருக்க, பௌத்த நாடுகளின் வரலாறு யாது கூறுகின்றது? யப்பானின் கியோத்தோ நகரிலுள்ள சஞ்சூசங்கெந்தோ என்னும் நீண்ட மண்டபத்தில், கருணையின் வடிவாகிய அவலோகிதேசுவரரின் 1001 சிலைகள் அணிவகுத்து நிற்கின்றன. ஏறத்தாழ 120 மீற்றர் நீளமான அம்மண்டபத்தின் வெளித்தாழ்வாரத்தில், 17 ஆம் நூற்றாண்டில் விற்போட்டிகள் புகழ்பெற்றிருந்தன. 1686 ஆம் ஆண்டில் வாசா தைகச்சிரோ என்னும் வீரர் ஒரு நாட்பொழுதில் 13,053 அம்புகளை எய்து, அவற்றுள் 8,133 அம்புகளை மறுமுனைவரை செலுத்தினார். ஓவாரி, கீ ஆகிய குறுநில ஆட்சிகளின் கௌரவப் போட்டி இதன் பின்னணியில் இருந்தது. உள்ளே ஆயிரம் கருணை முகங்கள். வெளியே ஆட்சியாளரின் புகழ்வேட்கை. சமயத்தலத்தின் நிழலில் நிகழ்வதனால் மட்டும் ஒரு விளையாட்டுச் சமயத்தின் அறத்தைப் பெற்றுவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1882 ஆம் ஆண்டில் கானோ சிகோரோ ரோக்கியோவின் எய்சோசி என்னும் பௌத்த ஆலயத்திற் கோதோகன் யூடோப் பள்ளியை நிறுவினார். இடம் ஆலயமாயினும், அவர் சிந்தனை பெரிதும் நவீன கல்வியையும் கொன்பூசிய அறத்தையும் தழுவியதாகும். ஆபத்தான பிடிகளைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கியமையும், வீழ்பவர் காயமுறாது வீழும் முறையை அடிப்படைப் பாடமாக்கியமையும் அவர்தம் சாதனைகளாம். தானும் பிறரும் ஒருங்கே நலம்பெறுதல் என்பதனை அவர் யூடோவின் குறிக்கோளாக வகுத்தார். எனினும் 1930 களில் யப்பானிய அரசு போர்க்கலைகளைப் படைவெறிக்குப் பயன்படுத்தியபொழுது, சென் பௌத்த பீடங்களும் அப்போருக்குத் துணைநின்றன. 1936 இல் ரோக்கியோவுக்கு வழங்கப்பட்ட 1940 ஒலிம்பிக் வாய்ப்பும் சீனப் போரினால் 1938 இற் கைவிடப்பட்டது. போரின் பின்னர்ப் பாடசாலைகளில் தடைசெய்யப்பட்ட யூடோ 1950 இலேயே மீண்டது. தன் போர்க்காலப் பங்குக்காகச் சோத்தோ சென் பீடம் 1992 ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. மைத்திரியிலிருந்து பிரிக்கப்பட்ட மனவொருமை எவர் கையிலும் கருவியாகும் என்பதே இவ்வரலாறு புகட்டும் கசப்பான பாடமாகும்.

இதற்கு மாறான காட்சியொன்றை இமயமலை நாடாகிய பூட்டானிற் காணலாம். அங்கு தேசிய விளையாட்டு வில்வித்தையாகும். ஏறத்தாழ 145 மீற்றர் தொலைவில் இலக்கு நாட்டப்படும். எதிரணியினர் அதனருகே நின்று எய்பவரைக் கேலிசெய்வர். அம்பு இலக்கிற் பட்டால் அணியினர் பாடி ஆடுவர். மைத்திரியென்றால் முகவாட்டமான அடக்கம் எனக் கருதுவோர்க்கு இக்காட்சி வியப்பளிக்கும். தலைநகர் திம்புவிலுள்ள சங்லிமிதாங் அரங்கு, 1885 ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரில் இறுதிச் சமர் நிகழ்ந்த இடத்தில் அமைந்ததாகும். 2002 யூன் 30 ஆந் திகதி, பிரேசிலும் யேர்மனியும் யொக்ககாமாவில் உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் மோதிய அதே நாளில், தரவரிசையிற் கடைசி இரு இடங்களிலிருந்த பூட்டானும் மொன்செராற்றும் இவ்வரங்கில் உதைபந்தாட்டம் ஆடின. பூட்டான் ஈராண்டுகளுக்கு முன்னர்க் குவைத்திடம் இருபது கோல்களால் தோற்ற நாடு. மொன்செராற் எரிமலையாற் தன் தலைநகரை இழந்த தீவு. பூட்டான் 4-0 என வென்றது. கிண்ணத்தை இரு அணிகளும் பகிர்ந்துகொண்டன. இவ்வாட்டத்தை முன்மொழிந்தோர் ஒல்லாந்து நாட்டினராதலின், இதனைப் பௌத்தத்தின் நேர்விளைவெனல் மிகையாகும். ஆயினும் கடைசி நிலையிலுள்ளோரின் மகிழ்ச்சியும் மகிழ்ச்சியே என்றுணரும் முதிதைக்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

கருணையின் உச்சத்தையும் அதன் குறைவையும் ஒரே ஆண்டில் ஒரே நாட்டிற் காண நேர்ந்தமை குறிப்பிடத்தக்கது. 2018 யூன் 23 ஆந் திகதி, தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் உதைபந்தாட்ட அணியொன்றின் பன்னிரு சிறுவரும் பயிற்றுநர் எக்கபொல் சந்தவொங்கும் வெள்ளத்தாற் சிறைப்பட்டனர். முன்னர்த் துறவியாயிருந்த அப்பயிற்றுநர் இருளிற் சிறுவருக்குத் தியானம் பயிற்றினார். ஒன்பது நாள்களின் பின்னர் அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டனர். யூலை 8 முதல் 10 வரை யாவரும் மீட்கப்பட்டனர். மீட்புப் பணியில் யூலை 6 ஆந் திகதி உயிர்நீத்த முன்னாட் கடற்படைச் சுழியோடி சமன் குனான் தாமும் ஒரு விளையாட்டு வீரரே. பெற்றோர் பயிற்றுநரைக் குறைகூறாது மன்னித்துக் கடிதம் எழுதினர். குகையிலிருந்து இறைத்த நீரால் வயல்களை இழந்த உழவர் பலர் இழப்பீட்டையும் ஏற்க மறுத்தனர். பின்னர்ப் பதினொரு சிறுவர் இறந்த சுழியோடியின் நினைவாகச் சிலநாட் துறவு பூண்டனர். கிறித்தவனாகிய ஒருவன் தன் சமயநெறி நின்றான். பயிற்றுநரும் சிறுவர் மூவரும் நாடற்றோராய் இருந்தமையும், அவ்வாண்டு ஓகஸ்ற்றிற் குடியுரிமை பெற்றமையும் ஈண்டு கருதற்பாலன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் மலையகத் தமிழர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு, ‘நாடற்றோர்’ என்ற சொல்லின் சுமை புதியதன்று. உலகமே கண்கலங்கிய பின்னர்தான் அவர்களுக்குக் குடியுரிமை கிட்டியது.

அதே ஆண்டு நவம்பரில், அதே நாட்டிற் பதின்மூன்று வயதுச் சிறுவனொருவன் குத்துச்சண்டை அரங்கில் தலையிற் காயமுற்று இறந்தான். தலைக்கவசம் அணியாது ஆடிய அவன், எட்டு வயது முதலே அரங்கேறியவன். தாய்லாந்துக் குத்துச்சண்டை குருவணக்கத்தோடு தொடங்குவது. பார்வையாளருட் பெரும்பாலோர் பௌத்தர். எனினும் சூதுப்பணமும் வறிய குடும்பங்களின் தேவையும் சிறுவரை அரங்குக்குத் தள்ளுகின்றன. குகையிற் சிக்கிய சிறுவருக்காக இரங்கிய மக்களிடையே இச்சிறுவனின் ஆட்டத்தைக் கண்டு ஆரவாரித்தோரும் இருந்திருப்பர். ஆபத்து திடீரெனத் தோன்றும்பொழுது கருணை விழித்தெழுகின்றது. அது வழக்கமாகிவிட்டபொழுது உறங்கிவிடுகின்றது. புத்தகோசர் கூறிய அணுக்கப் பகையாகிய அசட்டை இதுவே.

அண்மைக் காலத்தில் மேலைநாட்டு விளையாட்டணிகளும் பௌத்தத் தியானத்தை நாடியுள்ளன. 1990 களிற் சிக்காகோ புல்ஸ் கூடைப்பந்தாட்ட அணியினருக்குப் பயிற்றுநர் பில் ஜாக்சன் தியானப் பயிற்சியை அறிமுகப்படுத்தியமை பலரும் அறிந்ததே. பதற்றந் தணிதலும் கவனம் கூர்மையடைதலும் நற்பயன்களே. ஆயின், வெற்றிக்குரிய உத்தியாக மட்டும் தியானம் சுருங்குமாயின், யப்பானிய வரலாறு காட்டிய வெறுமை இங்கும் தோன்றலாம்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படும். மைத்திரி போட்டியை மறுப்பதன்று. போட்டியில் எதிரணியினரை மனிதராகக் காணும் ஆற்றலை அது காத்து நிற்பதாகும். அதற்கு ஆலயச் சூழலோ வணக்கச் சடங்கோ உத்தரவாதமன்று. ஆபத்தான பிடியை விலக்கும் விதியிலும், வீழ்பவனுக்கு வீழக் கற்பிக்கும் பயிற்சியிலும், சிறுவரைக் காக்கும் சட்டத்திலும், கிண்ணத்தைப் பகிரும் மனத்திலுமே அது உருப்பெறுகின்றது. நமது பல்கலைக்கழக மைதானங்களில் மொழியாலும் இனத்தாலும் வேறுபட்ட மாணவர் ஓரணியில் ஆடுகின்றனர். எதிரணிகளிலும் நின்று மோதுகின்றனர். நீண்ட போரொன்றின் வடுக்களைச் சுமந்து நிற்கும் இந்நாட்டில், பகைமையின்றி ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கப் பழகுவதற்கு விளையாட்டரங்கைப் போன்ற பிறிதோர் இடம் அரிது. அங்கு தோற்றவரின் கையைப் பற்றித் தூக்கிவிடும் பழக்கம் வேரூன்றுமாயின், அநுராதபுரத்தில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்நூலின் பயன் இன்றும் நம்மிடையே வாழ்கின்றதெனக் கொள்ளலாம்.