ஐன்ஸ்டீன் திரும்பப் பெற்ற கட்டுரை

அறிஞர் ஒருவரின் பெயர் எத்துணைப் பெரிதாயினும், அவர் எழுதியதைப் பிறர் சரிபார்க்கத்தான் வேண்டுமா? வேண்டும் என்பதே அறிவியல் உலகின் இன்றைய விடை. ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை, அதே துறையில் தேர்ந்த வேறு அறிஞர்களின் பார்வைக்கு இதழாசிரியர் அனுப்புகிறார். வெளியிடலாமா, திருத்த வேண்டுமா, தள்ளிவிடலாமா என அவர்கள் காரணம் காட்டிக் கருத்துரைக்கின்றனர். பெரும்பாலும் அவர்கள் யாரென எழுதியவருக்குத் தெரிவதில்லை. இதனைச் சக அறிஞர் மதிப்பீடு என்பர். இதன் பயனையும் எல்லையையும் உணர, வரலாற்று நிகழ்ச்சி ஒன்று நமக்குத் துணை செய்கிறது.

1936ஆம் ஆண்டு அது. ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் வாழ்ந்துவந்த ஆல்பர்ட் ஐன்ஸ்டீன், தம் இளம் உதவியாளர் நேதன் ரோசனுடன் இணைந்து எழுதிய கட்டுரையை 'பிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு அனுப்பினார். ஈர்ப்பு அலைகள் உண்டென்று 1916இல் தாமே கூறியிருந்ததை மறுத்து, அவை இல்லையென நிறுவ முற்பட்டது அக்கட்டுரை. இதழாசிரியர் ஜான் டேட் அதை ஓர் அறிஞரிடம் அனுப்ப, பத்துப் பக்க மதிப்புரை வந்தது. ஐன்ஸ்டீன் கண்ட தடை இயற்கையில் இல்லை, அவர் கையாண்ட அளவீட்டு முறையில்தான் இருக்கிறது என்றது அம்மதிப்புரை. உலகப் படத்தில் தீர்க்கரேகைகள் துருவத்தில் வந்து குவிகின்றன. அதனால் அங்கே பூமி பிளந்து கிடக்கிறது என்று எவரும் கொள்வதில்லையே!

ஐன்ஸ்டீன் சினமுற்றார். அச்சேறுமுன் பிறருக்குக் காட்டத் தாம் இசைவு அளிக்கவில்லை என எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பிராங்க்ளின் நிறுவனத்தின் இதழுக்கு அதை அனுப்பினார். இதற்கிடையே ஹோவர்ட் ராபர்ட்சன் என்னும் அறிஞர் பிரின்ஸ்டன் திரும்பினார். ஐன்ஸ்டீனின் புதிய உதவியாளர் லியோபோல்ட் இன்ஃபெல்டுடன் நட்புக் கொண்டு, பிழை எங்குள்ளது என உரையாடலில் விளக்கினார். ஐன்ஸ்டீனும் தவற்றை உணர்ந்தார். 1937இல் வெளியான கட்டுரை, முடிவு மாற்றப்பட்டே வந்தது. அந்தப் பத்துப் பக்கங்களை எழுதியவர் ராபர்ட்சனே என்பது 2005இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பெயர் பெறாமல், பிறரைச் சிறுமைப்படுத்தாமல் ஆற்றப்பட்ட அப்பணியில், திருச்சபை கற்பிக்கும் சகோதரத் திருத்தத்தின் சாயலை நாம் காண்கிறோம்.

2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பு அலை முதன்முறையாக நேரடியாகப் பதிவாயிற்று. ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் ஒன்றிணைந்ததால் எழுந்த அலை அது. 2016 பிப்ரவரியில் அச்செய்தி மதிப்பீட்டைக் கடந்து, அதே இதழின் கிளை இதழான 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸி'ல் வெளிவந்தது.

ஆயினும் இம்மதிப்பீடு தவறாவரம் பெற்றதன்று. 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழில், 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட கட்டுரை, தட்டம்மை முதலியவற்றைத் தடுக்கும் முத்தடுப்பூசியை மதியிறுக்கத்தோடு தொடர்புபடுத்தி ஐயம் எழுப்பியது. அதுவும் மதிப்பீட்டைக் கடந்தே வந்தது. அஞ்சிய பெற்றோர் பலர் தடுப்பூசியைத் தவிர்த்தனர். பிரிட்டனில் தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது. பிற நாடுகளில் நடந்த விரிவான ஆய்வுகள் எவ்விதத் தொடர்பையும் காணவில்லை. 2010இல் இதழே அக்கட்டுரையை விலக்கிக்கொண்டது. மதிப்பிடுபவர் தம் முன் வைக்கப்பட்ட தாளைப் படிக்கிறார்; சோதனையைத் தாமே செய்து பார்ப்பதில்லை. ஆகவே வேண்டுமென்றே மறைக்கப்பட்டது அவர் கண்ணில் படாமற் போகலாம்.

நம் மறைநூல்களின் முதற்பக்கத்தில் 'தடையில்லை' என்னும் குறிப்பை நாம் கண்டிருக்கிறோம். விசுவாசத்திற்கு முரணானது இந்நூலில் இல்லை என்பதே அதன் பொருள். நூலின் ஒவ்வொரு கருத்தையும் அனுமதி அளித்தவர் ஏற்கிறார் என்பதன்று. சக அறிஞர் மதிப்பீட்டையும் ஏறக்குறைய அவ்வாறே கொள்ளலாம். அது வாசலில் நடக்கும் சோதனை; இறுதித் தீர்ப்பன்று. பிறர் மீண்டும் ஆய்ந்து அதே முடிவைக் காணும்போதே ஒரு கருத்து வேரூன்றுகிறது.

'விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்' என்னும் செய்தி வரும்போது, அது மதிப்பீட்டைக் கடந்ததா, பிறரும் அதை உறுதி செய்தனரா என வினவுதல் நம் கடமை. குறிப்பாக, நம் பிள்ளைகளின் நலத்தைத் தொடும் செய்திகளில் இவ்விழிப்பு இன்றியமையாதது. ஒரு கட்டுரை திருத்தப்பட்டது என்பதற்காக அறிவியலையே ஐயுறவும் வேண்டியதில்லை. ஐன்ஸ்டீனின் புகழ் அத்திருத்தத்தால் குன்றவில்லை. அவரது கட்டுரையோ அதனால் காப்பாற்றப்பட்டது.