தியாதெமா மதுவிற்பனை நேரச் சட்டம்

பிரேசிலின் சாவோ பாவுலோ பெருநகரப் பகுதியில் உள்ள தொழில் நகரமான தியாதெமாவில் 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நகராட்சிச் சட்டம். இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை மது விற்பனையை இது தடை செய்தது. குடிக்கும் வன்குற்றத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு இது.

அப்போது சுமார் மூன்றரை லட்சம் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இந்நகரில் 1999-இல் கொலை விகிதம் லட்சம் பேருக்கு 103 வரை போனது. பெரும்பாலான பார்கள் இரவு பகலாகத் திறந்திருந்தன. கொலைகள் எங்கே, எந்த நேரத்தில் நடந்தன என்று நகராட்சி பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை இரவு 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே நடந்திருந்தன. பல கொலைகள் பார்களிலோ அவற்றை ஒட்டிய தெருக்களிலோ விழுந்தவை. குடித்தவர் எல்லாரும் கத்தி எடுப்பதில்லை. ஆனால் போதை நிதானத்தைக் குறைக்கிறது. சிறு வாய்த்தகராறும் பெரிய அவமானமாகத் தோன்றுகிறது. இடுப்பில் துப்பாக்கியும் இருந்துவிட்டால் விலக்கிவிட நேரம் கிடைப்பதில்லை.

சட்டம் 2002 மார்ச்சில் நிறைவேறியது. உடனே அமல்படுத்தாமல், அதிகாரிகள் கடை கடையாகச் சென்று விளக்கி, உரிமையாளர்களிடம் கையொப்பம் வாங்கினார்கள். பிறகு இரவுதோறும் ரோந்து. மீறியவருக்கு முதலில் எச்சரிக்கை, அடுத்து அபராதம், அதற்கும் மசியாவிட்டால் உரிமம் ரத்து. சட்டம் ஏட்டோடு நின்றுவிடாததற்கு இந்த ஒழுங்கே முக்கியக் காரணம் எனலாம்.

செர்ஜியோ துவாய்லிபி குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொலைகள் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்பது குறைந்தன. மூன்று ஆண்டுகளில் 319 உயிர்கள் காக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். எதிர்பார்க்கப்பட்ட எண்ணிக்கையில் இது 44 சதவீத வீழ்ச்சி.

இதை அப்படியே சட்டத்தின் கணக்கில் வரவு வைப்பதில் தயக்கம் உண்டு. அதே ஆண்டுகளில் சாவோ பாவுலோ மாநிலம் முழுவதிலுமே கொலைகள் குறைந்துவந்தன. 2003 டிசம்பரில் நாடு தழுவிய ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. ஆய்வாளர்கள் பொதுப்போக்கைக் கழித்துப் பார்த்த பிறகும் கொலைக் குறைவு நின்றது. பெண்கள் மீதான தாக்குதல்களும் குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் பொதுப்போக்கை அதேபோல் கழித்த பின், சட்டத்தால் விளைந்தது என்று சொல்லும் அளவுக்கு இந்தத் தாக்குதல்களின் குறைவு உறுதிப்படவில்லை.